பால் ஊற்றிய வடம்

என் எண்ணெய்க்கை மதினிக்கு,

உனக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தால் முதலில் என் கையை மோந்துபார்க்கத்தான் தோன்றுகிறது. சோப்புப் போட்டாயிற்று. புளி போட்டுத் தேய்த்தாயிற்று. அண்ணன் புளியங்குடிச் சந்தையில் லோடு ஏற்றிவிட்டு வரும்போது மடியில் கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் பிழிந்தாயிற்று. நகக்கண்ணில் இன்னும் அந்த நாற்றம் இருக்கிறது. புளித்த பாலும் எலி மூத்திரமும் சேர்ந்த நாற்றம். சோற்றைப் பிசைந்து வாய்ப்பக்கம் கொண்டுபோனால் குமட்டுகிறது. அதனால் கரண்டியால் சாப்பிடுகிறேன், குற்றாலம் சீசனுக்கு வருகிற ஆட்கள் மாதிரி.

அது நம் வடத்தின் நாற்றம்தான் மதினி. கயிறு இழுக்கும் போட்டியில் நீ இழுத்த வடம். நான் பார்த்துக்கொண்ட வடம். இப்போது அது இல்லை. எப்படி இல்லாமல் போனது என்று உனக்குச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

ஊர் முன்னால் உன்னை நான் ‘நீங்க’ என்றுதான் சொல்லுவேன். வீட்டுக்குள் ‘நீ’தான். இதை வீட்டுக்குள் பேசுகிற மாதிரியே எழுதுகிறேன். ஆனால் இதை எல்லாரும் படிக்கட்டும். நம் தெரு ஜன்னத்தக்காவிடம் கொடுத்து வாட்ஸப் குழுவில் போடச் சொல்லப்போகிறேன். எனக்குப் பேச வராது, எழுத வரும். ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், அதற்குப் பயந்துதான் நின்றேன் என்று தெரிந்த ஒரே ஆள் நீ. அதற்காக நீ என்னைத் திட்டவும் இல்லை, பாவம் பார்க்கவும் இல்லை. “சரி, மில்லுக்கு வா. அங்கன மிசின் போடுத சத்தத்துல எவளும் உன்னப் பேசச் சொல்ல மாட்டா” என்றாய்.

தேங்காய் மட்டையை அடித்து நாராக்குகிற அந்தத் தும்பு மில்லில்தான் நம் வடம் பிறந்தது. பெண்களும் கயிறு இழுக்கும் போட்டியில் இறங்கட்டும் என்று நீ கேட்டபோது, போட்டி நடத்துகிற வெள்ளத்துரை அண்ணாச்சி சிரித்துக்கொண்டே மூலையில் கிடந்த ஒரு நைந்த நைலான் கயிற்றைத் தூக்கிப் போட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? இழுத்ததில் எல்லாருடைய உள்ளங்கைத் தோலும் உரிந்து வழண்டுபோனது. மறுநாளே நீ மில் முதலாளியிடம் போய் நின்றாய். கழிவு நாரை எடுத்துக்கொள்ள அவர் சம்மதித்தார். வேலை முடிந்த பிறகு நாம் எல்லாருமாக நின்று முறுக்கினோம். மூன்று புரி, என் மணிக்கட்டு கனம்.

இழுப்பதற்கு எனக்கு உடம்பு கிடையாது. அத்தனை பேர் பார்க்க நிற்கிற தைரியமும் கிடையாது. அதனால் வடம் என் பொறுப்பு ஆனது. அதை நீ எனக்குக் கொடுக்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. நீ கயிற்றைக் கழற்றிப் போட்ட இடத்தில் போட்டபடி போகிறவள். பார்க்கச் சகிக்காமல் நான் எடுத்தேன்.

புது நார்க்கயிறு முள்ளம்பன்றி மாதிரி இருக்கும். வாய்க்காலில் ஊறப்போட்டேன். இரண்டு தென்னைக்கு நடுவே இழுத்துக் கட்டி, நடுவில் கல்லைத் தொங்கவிட்டு, முறுக்கு படியட்டும் என்று விட்டேன். காய்ந்தபின் ஓலையைக் கொளுத்திப் பிசிறைக் கருக்கினேன். சாக்கை இறுக்கிப் பிடித்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரை உருவிக்கொண்டே போனேன். அதன் பிறகுதான் அது கைக்கு இதமாக ஆனது. தரையில் போட மாட்டேன். சாரல் காலத்தில் அடுப்பங்கரை மூங்கிலில் தளர்வாக வளைத்துத் தொங்கவிட்டு, ஒரே இடம் அழுந்தாமல் அவ்வப்போது நகர்த்திவிடுவேன். போட்டிக்கு முன்னால் மரஆப்பைச் செருகி முறுக்கைத் திறந்து உள்ளே பார்ப்பேன். வெளியே எவ்வளவு கறுத்திருந்தாலும், உள்ளே நார் பொன் மாதிரி இருந்தால் இழுக்கலாம்.

நீ வடை தின்ற கையோடு வந்து அதைப் பிடிப்பாய். நான் கையைத் தட்டிவிடுவேன். “கயித்துக்குத் தலை வாரிப் பூவும் வச்சு விடேன் ஏட்டி” என்பாய். “கையக் கழுவிட்டு வா” என்பேன். உன்னிடம் மட்டும்தான் எனக்கு அப்படிக் குரல் வரும். நீ பாவாடையில் துடைத்துக்கொண்டு, கழுவிவிட்டேன் என்று பொய் சொல்லுவாய். எண்ணெய் பட்ட இடத்தை நான் மண் போட்டுத் தேய்ப்பேன். நம் இரண்டு பேருக்கும் நடந்த சண்டை எல்லாம் அவ்வளவுதானே மதினி?

அந்த வாய்க்காலை இப்போது நீ பார்க்க வேண்டும். அருவியிலிருந்து வருகிற தண்ணீர் முழுக்க நுரை. ஷாம்பு பாக்கெட், பிள்ளைகளுக்குக் கட்டி அவிழ்த்த டயபர், யாருடையதோ உள்ளாடை எல்லாம் மதகில் வந்து சிக்கி நிற்கிறது. மூலிகைத் தண்ணீர் என்று கும்பிட்டுத்தான் எல்லாரும் குளிக்கிறார்கள். கும்பிட்ட கையாலேயே பாக்கெட்டைக் கிழித்துத் தண்ணீரில் விடுகிறார்கள். இந்த வருஷம் எனக்கு எதைப் பார்த்தாலும் இதுதான் கண்ணில் படுகிறது. முதலில் கும்பிடுகிறார்கள், பிறகு நாற அடிக்கிறார்கள்.

உனக்கும் அதைத்தான் செய்தார்கள்.

நீ உயிரோடு இருந்தபோது உன்னை என்னவெல்லாம் சொன்னார்கள்? நீ குனிந்து காலை ஊன்றி இழுக்கிறபோது பின்னால் நின்று செல்போனில் படம் எடுத்தவர்கள் உண்டு. அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அண்ணாச்சி மைக்கில், “மெதுவா இழுங்கம்மா, வீட்டுல போயி சோறு பொங்கணும்லா” என்றார். அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, “பொண்டாட்டியக் கயித்துல கட்டிப் போடுத காலம் போயி, கயித்த அவ கையில குடுத்துட்டு நிக்கியலே” என்றார். அண்ணன் அதை வீட்டில் வந்து சொன்னபோது நீ கோபப்படவே இல்லை. அடுத்த நாள் டீக்கடையிலேயே போய் அவர் முன்னால் நின்றாய். “அண்ணாச்சி, நீங்க ஒரு முனையப் புடிங்க, நான் ஒரு முனையப் புடிக்கேன். நான் தோத்தா நான் பொங்குதேன். நீங்க தோத்தா நீங்க பொங்குங்க” என்றாய். கடை முழுக்கச் சிரித்தது. அவர் மட்டும் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாய். தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏறும்போது, “வடத்த நகத்திப் போடு, ஈரக்காத்து அடிக்கி” என்று என்னிடம் சொன்னாய். முதல்முறையாக நீயாக அதைப் பற்றி நினைத்தாய். திரும்பி வரவில்லை. அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

உன்னைக் கொண்டுபோன அன்றைக்கே, கயிறு இழுத்து இழுத்துத்தான் பிள்ளை உடம்பு கெட்டது என்று ஆரம்பித்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். கொசுக்கடியில் வந்த காய்ச்சல் அவர்களுக்குத் தெரியவில்லை, கயிறுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு நம் அணி இறங்கிய இடமெல்லாம் தோற்றது. உடனே பேச்சு திரும்பிவிட்டது. நீ தெய்வமாகி அந்தக் கயிற்றில் நிற்கிறாயாம். மேலத்தெரு பால்காரம்மாவுக்குக் கனவு வந்தது. நீ ஈரச்சேலையோடு வந்து நின்று பால் கேட்டாயாம்.

பால் விற்கிறவள் கனவில் நீ பால் கேட்டிருக்கிறாய். பாலைக் கண்டாலே உனக்கு வாந்தி வரும். செங்கோட்டைப் பக்கம் போய்விட்டு வந்த நாளிலிருந்து பால் விடாத கட்டஞ்சாயாவைத் தவிர வேறு எதையும் நீ தொட்டதில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

அகாலத்தில் போன பெண்ணைத் தெய்வமாகக் கும்பிடுவது நம் பக்கத்து வழக்கம்தான். அதை நான் குறை சொல்லவில்லை. வயிறு எரிந்து போனவளிடம், செய்தது தப்பு என்று ஊர் கேட்கிற மன்னிப்பு அது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவர்கள் மன்னிப்புக் கேட்கவில்லை மதினி. அடுத்த போட்டியில் ஜெயிக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

ஆடி மாதம் அண்ணாச்சி நான்கு ஆட்களோடு வீட்டுக்கு வந்தார். வடத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். அண்ணனுக்கு அப்போது எதற்கும் மறுத்துச் சொல்லத் தெம்பில்லை. மூங்கிலிலிருந்து அவர்களே இறக்கினார்கள். கையைக்கூடக் கழுவவில்லை.

அம்மன் கோயில் முன்னால் அதைச் சுருட்டி ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் வைத்து அபிஷேகம் செய்தார்கள். பால் ஊற்றினார்கள். தயிர் ஊற்றினார்கள். மஞ்சள், சந்தனம், தேன், கடைசியில் பஞ்சாமிர்தம். வாழைப்பழமும் வெல்லமும் புரிகளுக்கு நடுவே வழிந்து இறங்கியதை நான் தூணோரம் நின்று பார்த்தேன். குலவை போட்டார்கள். பெண்கள் கன்னத்தில் போட்டுக் கும்பிட்டார்கள். எனக்கு அதெல்லாம் தெரியவே இல்லை. முறுக்குக்குள் போன வெல்லத்தை இனி எப்படி எடுப்பது என்று மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் நின்ற ஜன்னத்தக்கா காதில் சொன்னேன். படிக்கிறவர்களுக்குத் தெரியவேண்டும் என்று சொல்கிறேன், ஜன்னத்தக்காதான் இப்போது நம் அணியில் கடைசி ஆள். கயிற்று முனையைத் தோளுக்கும் இடுப்புக்குமாகச் சுற்றிக்கொண்டு மொத்தக் கனத்தையும் தாங்குகிற உன் இடம். புருஷன் சவூதியில், இடுப்பில் ஒரு பிள்ளை. அக்கா நான் சொன்னதை அப்படியே அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னாள், கழுவி வெயிலில் காயவைத்துக் கொடுங்கள் என்று. அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “சாமிக்குச் செஞ்சத கழுவச் சொல்லுதா பாரு. உங்களுக்கு எங்க தெரியும் இதெல்லாம்” என்றார். ‘உங்களுக்கு’ என்று அவர் சொன்னதில் அக்கா முகம் சுருங்கிப்போனது.

ஈரத்தோடேயே பட்டுத்துணியில் சுற்றி, உரச்சாக்கில் போட்டுக் கட்டி, கோயில் சாமான் அறையில் வைத்துப் பூட்டினார்கள். வெளியே சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

சுதந்திர தினத்தன்று நம் ஊர்ப் பொட்டலில் போட்டி. எதிர் அணி வாசுதேவநல்லூர், உன் பிறந்த ஊர். அன்று காலையில் கோயிலைக் கழுவ ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அதனால்தான் பார்க்க முடிந்தது. அண்ணாச்சியும் இரண்டு பேரும் சாமான் அறையிலிருந்து சாக்கை வெளியே இழுத்துக்கொண்டு வந்து கவிழ்த்தார்கள்.

எழுதவே கூசுகிறது. வடம் சாம்பல் நிறத்தில் பூத்துப்போயிருந்தது. நடுச்சுருளில் பட்டுத்துணியைக் கிழித்து எலி கூடு கட்டியிருந்தது. கண் திறக்காத குஞ்சுகள், தோல் உரித்த விரல் மாதிரி, ஒன்றன்மேல் ஒன்று நெளிந்தன. கூட்டுக்குத் தேவையான நாரை எலி வேறெங்கும் போய்த் தேடவில்லை. வெல்லம் ஊறிய இடமாகப் பார்த்துப் புரியைக் கடித்தே எடுத்திருந்தது. பாலில் ஊறிய மிச்ச நார் மக்கி, பிதுக்கினால் கறுப்பாக ஒழுகியது. ஒரு ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய் வாந்தி எடுத்தான்.

தூரப் போட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அண்ணாச்சி குஞ்சுகளை மட்டும் முறத்தில் அள்ளி வெளியே போடச் சொன்னார். ஒரு துணியை நனைத்து மேலாகத் துடைத்தார்கள். எலி கடித்த இடத்தில் கறுப்பு டேப்பைச் சுற்றி, அதன்மேல் மஞ்சள் துணியை வரிந்து கட்டி, துணிமேல் குங்குமம் வைத்து, ஒரு முழம் மல்லிகையும் சுற்றினார்கள். நாற்றத்துக்குப் பன்னீர் தெளித்தார்கள்.

“ரெண்டு இழைதான் போயிருக்கு. யானை இழுத்தாலும் அறாது. அவ பாத்துக்கிடுவா” என்றார் அண்ணாச்சி. அப்போதுதான் நான் துடைப்பத்தோடு நிற்பதைப் பார்த்தார். “ஏட்டி, வெளிய போயி ஒண்ணும் சொல்லிக்கிட்டு இருக்காத. சாமி குத்தம் ஆயிரும்.”

அவ பாத்துக்கிடுவா. உன்னைத்தான் சொன்னார் மதினி. எலிப்புழுக்கையை மஞ்சள் துணியில் மூடி உன் பொறுப்பில் விட்டார்.

நான் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஜன்னத்தக்கா வீட்டுக்கு ஓடினேன். சொன்னேன். அவள் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினாள். இரண்டு பக்கமும் முழுப் பலத்தோடு இழுக்கிறபோது கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அறுந்த முனை சாட்டை மாதிரி வரும். எல்லாரும் மல்லாக்க விழுவார்கள். கடைசி ஆள்மேல் மற்றவர்கள் விழுவார்கள். பொட்டலில் நம் பக்கத்துக் கோட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? கொடிமரத்தின் சிமெண்ட் மேடை. அவள் தலை போய் அடிக்கிற உயரம்.

நீங்க போய்ச் சொல்லுங்க அக்கா என்றேன்.

“நான் சொன்னா வேற மாதிரி ஆயிரும் பிள்ள. அம்மனுக்குச் செஞ்சத துலுக்கச்சி குத்தம் சொல்லுதான்னு கெளம்பும். அன்னைக்கே பாத்தல்லா. இழுக்க மாட்டேன்னு நின்னாலும் அதத்தான் சொல்லுவாவ. நான் இந்தத் தெருவுல இருக்கணும். நீ சொல்லு. உன் மதினி. உன் கயிறு.”

அண்ணனிடம் சொல்லலாம் என்று போனால் அண்ணனை அதற்குள் பொட்டலில் மேடையேற்றி மாலை போட்டு உட்காரவைத்திருந்தார்கள். அவனுக்குப் பின்னால் ‘இசக்கி’ என்று பெயர் போட்டு உன் ஃபிளெக்ஸ். வெள்ளை வெளேரென்று மாவு அப்பின மாதிரி ஒரு முகம். கழுத்தில் நீ போட்டே இராத நகை. படத்தைத் திருப்பிப் போட்டதில் மூக்குத்தி வலப்பக்கம் போயிருந்தது. தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். உன் படத்துக்குக் கீழே உன்னைவிடப் பெரிதாக அண்ணாச்சி கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். டீக்கடையில் பாதி டீயை வைத்துவிட்டுப் போனவர்தான்.

வடத்தைத் தாம்பாளத்தில் வைத்து மேளத்தோடு கொண்டுவந்தார்கள். மல்லிகை வாசமும் பன்னீர் வாசமும் வந்தது. அதற்கடியில் அந்த நாற்றமும் வந்தது. எல்லாருக்கும் வந்தது. முன்னால் நின்ற பெண்கள் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனார்கள். பிறகு அது தப்பு என்று நினைத்தார்களோ என்னவோ, அதே முந்தானையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எனக்கு அப்போதுதான் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அருவருப்பு அதைவிடப் பெரியதாக இருந்தது.

ஜன்னத்தக்கா முனையை எடுத்து இடுப்பில் சுற்றத் தொடங்கினாள். அவள் பிள்ளை கொடிமேடைமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

நான் போனேன். நடுவில் கிடந்த மஞ்சள் துணியில் கையை வைத்தேன். மைக்கில் அண்ணாச்சி, “ஏட்டி முப்புடாதி, சாமி கயித்துல கை வைக்காத” என்றார். பூவை அறுத்தேன், துணியை அவிழ்த்தேன், டேப்பை உரித்தேன். மடியில் வைத்திருந்த மரஆப்பைச் செருகி முறுக்கைத் திறந்தேன். கறுப்பாக ஒரு கூழ் என் விரலில் வழிந்தது. எலிப்புழுக்கை கொட்டியது. உள்ளே மாட்டிக்கொண்டு செத்த ஒரு குஞ்சும் விழுந்தது. நெருங்கி நின்ற கூட்டம் அப்படியே பின்னால் போனது.

யாரோ சாமி குத்தம் என்றார்கள். அண்ணாச்சி மேடையிலிருந்து இறங்கி வந்தார். இது உன் மதினி நிற்கிற கயிறு, அவளையே அசிங்கப்படுத்துகிறாயா என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது, பள்ளிக்கூடத்தில் அடைக்குமே அதே மாதிரி. ஆனால் ஜன்னத்தக்கா இடுப்பில் கயிறு இருந்தது.

“இதுல எங்க மதினி நிக்கல அண்ணாச்சி. எலிதான் நின்னுச்சு” என்றேன். “நிக்கான்னு நீங்க நம்புனா, அக்கா இடுப்புல இருக்கத அவுத்து உங்க இடுப்புல சுத்துங்க. இந்தப் பக்கம் நானும் எங்க அண்ணனும் மட்டும் இழுக்கோம்.”

அவர் கயிற்று முனையைப் பார்த்துவிட்டு ஓரடி தள்ளி நின்றார். பிறகு, “நான் எப்படிட்டி கட்டுவேன், இன்னைக்குக் கறி தின்னுட்டேன்லா” என்றார்.

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. வாசுதேவநல்லூர் அணிப் பக்கமிருந்துதான் வந்தது. பிறகு நம் பெண்களும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணன் மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு இறங்கி வந்தான். ஜன்னத்தக்காவிடம் போய் முனையை வாங்கித் தன் கையில் சுற்றிக்கொண்டான். “அந்தப் பக்கம் புடி” என்றான்.

பிடித்தேன். அவன் இழுத்தான். நான் காலை ஊன்றினேன். நீ ஊன்றுவாயே, குதிகாலைத் திருப்பி, அப்படி. நாங்கள் முழுசாகக்கூட இழுக்கவில்லை மதினி. பொத்தென்று ஒரு சத்தம், ஈரத்துணி கிழிகிற மாதிரி. நான் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். என் கையில் அரை வடம். யானை இழுத்தாலும் அறாத கயிறு, ஒல்லிக்குச்சி நான் இழுத்து அறுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. நம் பெண்கள் எல்லாரும் அறுந்த முனையைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகத் திரும்பிக் கொடிமேடையைப் பார்த்தார்கள். அங்கே பிள்ளை இன்னும் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. ஜன்னத்தக்கா போய் அதைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர்க் குழாயடியில் நின்று, தன் இடுப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

வாசுதேவநல்லூர்க்காரிகள் தங்கள் கயிற்றைக் கொண்டுவந்தார்கள். “இசக்கியக்கா எங்க ஊருப் பிள்ள. எங்க கயித்துல இழுங்க, ஒண்ணும் ஆவாது” என்றாள் அவர்களில் ஒருத்தி. நான் ஆப்பைச் செருகிப் பார்த்தேன். பொன் மாதிரி இருந்தது. அதில் இழுத்து நாம் தோற்றோம். நன்றாகவே தோற்றோம். ஜன்னத்தக்கா முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, சேற்றோடு சிரித்துக்கொண்டு எழுந்தாள். அப்படி ஒரு தோல்வியை நான் பார்த்ததில்லை.

இதோடு ஊர் திருந்திவிட்டது என்று நினைக்காதே. பால்காரம்மாவுக்கு மறுபடியும் கனவு வந்திருக்கிறது. நீ என்மேல் கோபமாக இருக்கிறாயாம். சாந்தி செய்யவேண்டுமாம். இந்தத் தடவை தயிரும் கேட்டாயாம். தெருவில் சில பேர் என்னோடு பேசுவதில்லை. நான் முன்னேயும் யாரோடும் பேசியதில்லை, அதனால் அது பெரிய கஷ்டமாக இல்லை. அண்ணாச்சி நைலான் கயிறு வாங்கப்போவதாகவும் அதற்கு உன் பெயர் வைக்கப்போவதாகவும் கேள்வி. உன் ஃபிளெக்ஸ் சாரலில் கிழிந்து தொங்குகிறது. மாலையை ஆடு தின்றுவிட்டது. அந்த ஆட்டுக்குத்தான் உன்மேல் உண்மையான பக்தி என்று அண்ணன் சொன்னான். உனக்குப் பிறகு அவன் வாயில் வந்த முதல் கேலி.

மக்கிய நடுப்பகுதியை நானும் அவனும் கொல்லையில் போட்டு எரித்தோம். ஈரமாக இருந்ததால் எரியவும் இல்லை, புகைந்துகொண்டே கிடந்தது. அந்தப் புகையும் நாறியது. நல்ல முனையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதில் ஒரு புரியைப் பிரித்துக் கழுவிக் கொடியாகக் கட்டியிருக்கிறேன். உன் பச்சை நைட்டி அதில்தான் காய்கிறது. ஆமாம், நான்தான் போட்டுக்கொள்கிறேன். இடுப்பில் இரண்டு பேர் நுழையலாம்.

உன் கோபம் எனக்குத் தெரியும் மதினி. அது கனவில் வந்து பால் கேட்கிற கோபம் இல்லை. நேரே வந்து டீக்கடை முன்னால் நிற்கிற கோபம்.

புது வடம் முறுக்க ஆரம்பித்துவிட்டோம். மில்லில் வேலை முடிந்தபின் ஜன்னத்தக்காவும் மற்றவர்களும் நிற்கிறார்கள். வாய்க்காலில் ஊறப்போடுவதில்லை, கிணற்றுத் தண்ணீர் இறைத்துத் தொட்டியில்தான். இதைப் படிக்கிற எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். இந்த வடத்தில் ஒரு சொட்டுப் பால் விழ விடமாட்டேன். பூ வைக்க விடமாட்டேன். குங்குமம் வைக்க வருகிற கையைத் தட்டிவிடுவேன், அது யார் கையாக இருந்தாலும். ஒவ்வொரு போட்டிக்கு முன்னாலும் பொட்டலின் நடுவில், எல்லாரும் பார்க்க, நானே முறுக்கைத் திறந்து காட்டுவேன். தொண்டை அடைத்தால் அடைக்கட்டும். திறந்து காட்டப் பேச்சு வேண்டாமே.

எண்ணெய்க்கையோடு வந்து பிடிக்க உரிமை உள்ள ஒரே ஆள் நீ. நீ வந்தால் தட்டிவிட மாட்டேன். மண் போட்டுத் தேய்த்துக்கொள்கிறேன்.

இப்போதுதான் மறுபடியும் கை கழுவிவிட்டு வந்து இதை முடிக்கும்,
உன் வீட்டு நாத்தனார்,
முப்புடாதி